கண் மட்டுமே உடைய அறிவு

தமிழில் 'அறிவு' என்னும் சொல் நெடுங்காலமாக இரண்டு பொருள்களைத் தாங்கி வந்துள்ளது. தொடுதல், சுவைத்தல், காணுதல் முதலியவற்றின் வழியாக உயிர் பெறும் புலனுணர்வு ஒன்று. அவ்வாறு பெற்றதை ஆராய்ந்து மெய்யையும் பொய்யையும் பிரித்துக்கொள்ளும் தெளிவு மற்றொன்று. கணிப்பொறியின் புதிய திறனுக்குச் 'செயற்கை நுண்ணறிவு' என்று பெயரிட்டபோது இவ்விரண்டில் எது கருதப்பட்டது என்னும் வினா பெரிதாக எழுந்ததாகத் தெரியவில்லை. மலேசியத் தோட்டங்களில் செம்பனை மட்டைக்கு நேரே படக்கருவியை நீட்டினால், அம்மட்டையில் தொங்கும் புழுக்களைக் கருவியே கண்டு எண்ணிச் சொல்லும் முறை உருவாகிவிட்ட இந்நாளில், அவ்வினா சொல்லாராய்ச்சியாளரோடு நின்றுவிடுவதன்று. அந்த எண்ணிக்கையைக் கொண்டே அவ்வுயிர்களைக் கொல்வதா விடுவதா என்பது முடிவாவதால், அது சமயம் சார்ந்த வினாவும் ஆகிறது.

தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை ஆறு படிகளாக வகுக்கிறது. புல்லும் மரமும் தொடுவுணர்வு மட்டும் உடையவை. நத்தையும் சிப்பியும் போன்றவற்றுக்கு அதனோடு சுவையும் உண்டு. கறையானுக்கும் எறும்புக்கும் மூன்றாவதாக மோப்பம் சேர்கிறது. நண்டும் தும்பியும் நான்காவதாகிய கண்ணைப் பெறுகின்றன. அதன்மேல் செவியும், அனைத்துக்கும் மேலாக மனமும் வைக்கப்படுகின்றன. இதை இன்றைய விலங்கியலாக எடுத்துக்கொள்ளுதல் பொருந்தாது. வேலைக்காரக் கறையான்கள் பெரும்பாலும் பார்வையற்றவை என்பதால் கறையானைப் பற்றிய கூற்று இன்றும் நிற்கிறது. எறும்புகளில் மிகப் பலவற்றுக்குக் கண் இருப்பதால் எறும்பைப் பற்றிய கூற்று நிற்கவில்லை. ஆனால் அந்த வரிசைக்குள் இருக்கும் கருத்து கவனத்துக்குரியது. உயிர் என்பது தொடுவுணர்வில் தொடங்குகிறது. கண் என்பது உடலும் நாவும் மூக்கும் ஏற்கெனவே உலகத்தோடு உறவு கொண்ட பிறகு, அவ்வுறவின்மேல் வந்து சேரும் நான்காம் படியாகும். இலையின் முரட்டுத்தன்மையை உணர்ந்த உடலும், அதன் துவர்ப்பை அறிந்த நாவும் இருக்கும் உயிருக்கே இலையைக் காணும் கண் வாய்க்கிறது. படத்தைக் கொண்டு பூச்சியை அடையாளம் காணும் கருவியோ கீழ்ப்படிகள் மூன்றும் இன்றி நான்காம் படியில் மட்டும் நிற்கிறது. இத்தகைய ஒன்றுக்கு மரபியலின் வரிசையில் இடமே இல்லை.

அக்கருவி செயற்படும் முறையைச் சுருக்கமாகக் காணலாம். ஒளிப்படம் என்பது கணிப்பொறிக்கு நிறமும் ஒளியளவும் குறிக்கும் எண்களின் கட்டம். அந்த எண்களின் மேல் சிறு சிறு சல்லடைகளைப் போன்ற கணக்குகள் ஓட்டப்படுகின்றன. முதல் அடுக்கு விளிம்புகளையும் கோடுகளையும் பிரித்தெடுக்கிறது. அடுத்தடுத்த அடுக்குகள் அவற்றைச் சேர்த்து வளைவு, புள்ளி, சிறகின் நரம்பமைப்பு என்று கூட்டிக்கொண்டு போகின்றன. இந்த அடுக்குகளின் தொகுதி நரம்பு வலைப்பின்னல் எனப்படுகிறது. இது தானாக எதையும் அறிந்துகொள்வதில்லை. பூச்சியியல் கற்ற மனிதர் ஒருவர் ஆயிரக்கணக்கான படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, இது இன்ன பூச்சி என்று பெயர் எழுதித் தந்த பின்னரே, அப்பெயர்களோடு பொருந்தும் வரை கருவி தன் கணக்குகளைத் திருத்திக்கொள்கிறது. புதிய படம் ஒன்றைக் காட்டினால், அது கற்ற பெயர்களுள் எதனோடு எத்தனை விழுக்காடு ஒத்திருக்கிறது என்று விடை தருகிறது.

இத்தகைய கருவிகள் தோன்றுவதற்குக் காரணமான கவலை மெய்யானது. ஜெர்மனியின் காப்புப் பகுதிகளில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 27 ஆண்டுகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. உலகில் பெயரிடப்பட்ட பூச்சியினங்கள் ஏறத்தாழ 10 இலட்சம். பெயரிடப்படாமல் இருப்பவை அதைப்போலப் பன்மடங்கு என்று மதிப்பிடுகின்றனர். இவற்றை எண்ணிப் பார்க்கப் போதுமான பூச்சியியலார் எந்நாட்டிலும் இல்லை. இரவில் வெண்திரையின்மேல் ஒளிபாய்ச்சி, அதில் வந்தமரும் அந்துப்பூச்சிகளைக் கொல்லாமல் படமெடுத்து, படத்தைக் கொண்டே இனம்பிரிக்கும் பொறிகளை ஐரோப்பிய ஆய்வாளர்கள் அமைத்து வருகின்றனர். பூச்சியை நஞ்சுப் புட்டியில் இட்டு, ஊசி குத்தி, பேழையில் அடுக்கியே அறிந்துவந்த துறைக்குக் கொல்லாமல் அறியும் வழி ஒன்று கிடைத்திருப்பது சிறிய செய்தியன்று. கொல்லாமையை அறத்தின் தலையாயதாக வைத்த மரபினர் இதனை மகிழ்ச்சியோடு வரவேற்கலாம்.

ஆனால் மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தோட்டங்களுக்கு வரும்போது நிலை வேறாகிறது. சிரம்பான் நகரை ஒட்டிய தெமியாங், மெல்லிய மூங்கில் வகை ஒன்றின் மலாய்ப் பெயரைத் தாங்கிய இடம். அதைச் சூழ்ந்த மாநிலத்தில் முதலில் பால்மரமும் பின்னர் செம்பனையும் காட்டின் இடத்தைப் பிடித்தன. அவற்றோடு தமிழ்த் தொழிலாளரின் லயங்களும், மாரியம்மன் கோயில்களும், விடியுமுன் கூடும் பெரட்டுக்களமும் வந்தன. ஒரே வகை மரம் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும் நிலத்தில் பூச்சியைப் பற்றிய முதற்கேள்வி, அது மரத்துக்கு நண்பனா பகைவனா என்பதாகவே இருக்கிறது.

அங்குள்ள பகைவருள் முதன்மையானது, மலாயில் 'உலாட் புங்குஸ்' எனப்படும் பைப்புழு. அதன் இனங்களுள் செம்பனைத் தோட்டத்தார் மிகுதியும் அஞ்சுவது மெட்டிசா பிளானா என்னும் அறிவியற்பெயர் உடையது. முட்டையிலிருந்து வெளிவந்த புழு, தான் சுரக்கும் பட்டிழையில் தொங்கிக் காற்றில் மிதந்து வேறொரு மட்டையை அடைகிறது. இலைத் துணுக்குகளை இழையால் ஒட்டித் தன்னைச் சுற்றி ஒரு பை கட்டிக்கொள்கிறது. பையைச் சுமந்தபடியே இலையைத் தின்கிறது. வளர வளரப் பையையும் பெரிதாக்குகிறது. ஆண் சிறகு முளைத்து வெளியேறும். பெண்ணுக்குச் சிறகு இல்லை. அது அந்தப் பைக்குள்ளேயே முதிர்ந்து, உள்ளேயே முட்டையிட்டு, உள்ளேயே இறக்கிறது. மிதமான தாக்குதல்கூட மகசூலில் 43 விழுக்காடு வரை இழப்பை உண்டாக்கக்கூடும் என்று ஆய்வுகள் கண்டதால், 1976ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டத்தின்கீழ் மலேசிய அரசு 2013இல் இதனை ஆபத்தான பூச்சியாக அறிவித்தது.

இப்புழுவின் வரலாற்றில் ஒரு பகுதி, அறம் பற்றிச் சிந்திப்போர் எவரும் தவிர்க்கக்கூடாதது. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் தோட்டங்களில் டிடிடி, என்ட்ரின், டீல்ட்ரின் போன்ற நஞ்சுகள் தாராளமாகத் தெளிக்கப்பட்டன. எல்லாப் பூச்சிகளையும் கொல்லவல்ல அந்நஞ்சு, பைக்குள் ஒளிந்திருந்த புழுவை முழுதும் எட்டவில்லை. திறந்தவெளியில் திரிந்த, பைப்புழுவைத் தின்றும் அதன் உடலில் முட்டையிட்டும் அதனைக் கட்டுக்குள் வைத்திருந்த குளவிகளையும் கொலைகாரப் பூச்சிகளையுமே அது அழித்தது. காவலர் இல்லாத மட்டைகளில் புழு பெருகியது, பெருகியதைக் கண்டு மேலும் தெளிக்கப்பட்டது, மேலும் பெருகியது. பிரையன் வுட் என்னும் பூச்சியியலார் அக்காலத்தில் இதை ஆராய்ந்து, பெருந்தாக்குதலுக்குத் தெளிப்பே காரணம் என்று காட்டிய பிறகுதான், முதலில் எண்ணு, எல்லையை எட்டினால் மட்டும் மருந்திடு என்னும் முறை நிலைபெற்றது. நூற்றுக்கு ஒரு மரம் என்னும் கணக்கில் ஒரு மட்டையை வெட்டி இறக்கி, தொங்கும் பைகளை எண்ணி, பையைப் பிளந்து உள்ளே இருப்பது உயிருள்ளதா என்று பார்ப்பது அம்முறை. மட்டைக்குச் சராசரி 10 புழு என்பது இன்று கடைப்பிடிக்கப்படும் எல்லை.

எண்ணுதல் என்பது இங்கே கொலையின் முன்னேற்பாடாகத் தோன்றினாலும், உண்மையில் அது கொலையைத் தடுத்து நிறுத்தும் அணையாகவே பிறந்தது. ஒன்பது புழு இருக்கும் மட்டையைத் தோட்டம் விட்டுவிடுகிறது. முன்பு ஒரு புழு தென்பட்டாலே நஞ்சு பாய்ந்தது. ஆனால் மட்டைகளை வெட்டி எண்ணுவது மெதுவான, கண்வலிக்கும் வேலை. சலிப்பில் எண்ணிக்கை தவறும். இதற்கு மாற்றாகவே மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளரும் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து 'ஓட்டோ-பேக்' என்னும் கருவியை 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கினர். மட்டையைப் படமெடுத்து, பைப்புழுக்களைக் கட்டமிட்டுக் காட்டி, உயிருள்ளவை, இறந்தவை என்று பிரித்து எண்ணித் தருவதே அதன் பணி.

அந்தக் கருவி காண்கிறதா என்னும் வினாவுக்குத் தமிழ்ச் சைவம் நுட்பமான அளவுகோல்களை வைத்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், பொருள்களை அறியும் வழிகளாகிய அளவைகளை முதலில் நிறுவிவிட்டே இறைவனைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது. அவ்வளவைகளுள் முதலாவது காட்சி. ஒன்றா இன்னொன்றா என்று இரண்டுபடுவது ஐயக்காட்சி; ஒன்றைப் பிறிதொன்றாகக் கொள்வது திரிவுக்காட்சி; பெயர், சாதி, குணம், தொழில், பொருள் என்னும் ஐந்தும் பொருந்த அறிவது விகற்பக்காட்சி; அவை எவையும் தோன்றாமல், ஏதோ ஒன்று உளது என்னும் அளவில் நிற்பது நிருவிகற்பக்காட்சி.

இந்தப் பகுப்பைக் கருவியின்மேல் வைத்துப் பார்த்தால் வியப்பான பொருத்தமும் அதைவிட வியப்பான இடைவெளியும் தெரிகின்றன. கருவியின் விடை எப்போதும் விழுக்காட்டில் வருவதால், அது ஐயத்தை எண்ணாக்கித் தருகிறது. மனிதர் பலரிடம் காணாத நேர்மை இது. சுருண்ட சருகைப் புழுவின் பையாகக் கட்டமிட்டால் அது திரிவு. பெயரும் சாதியும் சொல்லும்போது விகற்பக்காட்சியின் இரண்டு உறுப்புகளை அது எட்டிவிட்டது. ஆனால் நான்காவதாகிய நிருவிகற்பக்காட்சி அதற்கு இல்லை. முன்பின் அறியாத பூச்சி ஒன்று மட்டையில் வந்தமர்ந்தால், பெயர் தெரியாவிட்டாலும் 'ஏதோ ஒன்று இருக்கிறது' என்று சிறுகுழந்தையும் திடுக்கிடும்; கருவியோ, தான் கற்ற பெயர்களுள் ஒன்றை அதன்மேல் ஒட்டும், அல்லது வெறும் இலையாகக் கருதிக் கடந்துவிடும். சைவ சித்தாந்தம் காட்டும் வரிசையில் இருப்பு முதலிலும் பெயர் பின்னரும் வருகின்றன. கருவிக்குப் பெயரே முதலும் முடிவும். பெயரிடப்படாதது அதற்கு இல்லாதது.

அந்நூல் காட்சியை வேறொரு வகையிலும் பகுக்கிறது. பொறிகளின் வழி வரும் இந்திரியக்காட்சி, மனத்தால் துணியும் மானதக்காட்சி, இன்பதுன்பங்களை உயிர் தன்னிடத்தே உணரும் தன்வேதனைக்காட்சி, யோகியர்க்குரிய யோகக்காட்சி என்பன அவை. நோவு இன்னதென்று தன்னுள் உணர்ந்த உயிருக்கே, பிளக்கப்படும் பைக்குள் நெளிவது தன்னைப் போன்ற ஒன்று என்னும் உணர்வு வரக்கூடும். உயிருள்ள புழு என்றும் இறந்த புழு என்றும் கருவி பிரிப்பது இரண்டு நிறத் திட்டுகளைப் பிரிப்பதே. உயிருக்கும் இறப்புக்கும் இடையே என்ன நேர்ந்தது என்பதைத் தன்வேதனை இல்லாத ஒன்று எவ்வகையிலும் அறிய இயலாது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் ஐந்தாம் நூற்பாவில் இந்நிலையை நேராகவே விளக்குகிறது: மெய், வாய், கண், மூக்கு முதலிய பொறிகள் உயிரின் துணையால் பொருள்களை அளந்து அறிகின்றன, ஆயினும் தம்மை இயக்கும் உயிரை அவை அறிவதில்லை. இவ்வொப்புமையைக் கொண்டே உயிர் இறைவனால் அறிகிறது என்று அந்நூல் நிறுவிச் செல்கிறது. படக்கருவி என்பது மனிதர் தமக்குப் பொருத்திக்கொண்ட இன்னொரு பொறி, நீண்ட கண். அளப்பது அதன் தொழில். அறிவது அதற்குப் பின்னால் நிற்கும் உயிரின் பொறுப்பு.

பொறுப்பு என்றவுடன் வினையைப் பற்றிய வினா வருகிறது. வினை மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றினால் ஈட்டப்படுகிறது என்பது சைவத்துக்கும் சமணத்துக்கும் பொதுவான கொள்கை. கருவிக்கு இம்மூன்றும் இல்லை. ஆகவே பத்து என்று அது சொன்னதன்பேரில் தோட்டத்தின் ஒரு பிரிவு முழுதும் மருந்து பாய்ந்தால், அவ்வினை கருவியைச் சாராது. அப்படியாயின் யாரைச் சாரும்? எல்லையைப் பத்து என்று வகுத்த ஆய்வாளரையா, ஆணையிட்ட மேலாளரையா, முதுகில் மருந்துத் தோம்பைச் சுமந்து தெளித்த தொழிலாளியையா, அல்லது தொலைதூர நாட்டில் அந்த எண்ணெயில் சமைத்து உண்பவரையா? இதே வழக்கைத் தமிழர் முன்பே விசாரித்துள்ளனர். பிறர் கொன்ற ஊனை உண்பதில் குற்றமில்லை என்னும் பௌத்தர் வாதத்தை நீலகேசி என்னும் சமணக் காப்பியம் விரிவாக மறுக்கிறது. உண்போர் இல்லையேல் விற்போர் இல்லை என்னும் கருத்தைத் திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரமும் வைக்கிறது. இடையில் ஆள் ஒருவரை நிறுத்துவதால் வினை கழிந்துவிடாது என்று துணிந்த மரபு, இடையில் கருவி ஒன்றை நிறுத்துவதால் கழிந்துவிடும் என்று ஒப்ப வழியில்லை. கருவியின் பெயரால் எடுக்கப்படும் முடிவுக்கு மனிதர் ஒருவர் கையெழுத்திட்டே ஆக வேண்டும். தெளிப்பவருக்கும் அம்முடிவைக் கேள்வி கேட்கும் உரிமை வேண்டும், ஏனெனில் நஞ்சின் முதற்பங்கு அவர் நுரையீரலுக்கே போகிறது.

இவற்றையெல்லாம்விடக் கவலைக்குரியது, கருவிக்குக் கற்பிக்கப்படாதவை எவை என்பது. இம்மண்ணின் வரலாறு இதில் போதிய எச்சரிக்கை தந்துள்ளது. செம்பனை 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் வணிகப் பயிராக நடப்பட்டது முதல், அதன் மகரந்தத்தைக் காற்றே சுமப்பதாகப் பல பத்தாண்டுகள் நம்பினர். காய்ப்பு போதாத தோட்டங்களில் தொழிலாளர்கள் மரம் மரமாகச் சென்று மாவோடு கலந்த மகரந்தத்தைப் பெண்பூவின்மேல் கையால் தூவினர். ஆப்பிரிக்காவில் அவ்வேலையைச் செய்வது காற்றன்று, சிறு கூன்வண்டு ஒன்று என்பதை ரகுமான் சையத் என்னும் பூச்சியியலார் கண்டறிந்த பின், எலெய்டோபியஸ் கமெருனிக்கஸ் என்னும் அவ்வண்டு 1981இல் கேமரூனிலிருந்து கொண்டுவரப்பட்டு மலேசியாவில் விடப்பட்டது. கையால் தூவும் வேலை ஓரிரு ஆண்டுகளில் மறைந்தது. அதே 1981இல், நெகிரி செம்பிலானின் பாசோ காட்டில் ஆராய்ந்த எஸ். அப்பண்ணாவும் எச்.டி. சானும், வானளாவிய மெரந்தி மரங்கள் சிலவற்றுக்கு மகரந்தம் சுமப்பவை ஒரு மில்லிமீட்டர் அளவேயான இலைப்பேன்கள் என்று எழுதினர். 800க்கும் மேற்பட்ட மரவகைகள் நிற்கும் 50 ஹெக்டர் ஆய்வுநிலத்தைக் கொண்ட அந்தக் காடு இன்று மூன்று பக்கமும் செம்பனையால் சூழப்பட்டுள்ளது. வண்டையும் இலைப்பேனையும் கண்டவர்கள் பெயர்ப்பட்டியலோடு போகவில்லை. பூவின் அருகில் நாட்கணக்கில் இருந்து, எது வருகிறது என்று பார்த்தனர். பெயருக்கு முந்திய அந்தக் காட்சியே அவர்களுக்கு விடை தந்தது.

பெயர் பிரித்தறிவதால் வரும் நன்மையையும் மறுக்கலாகாது. தோட்டத்து ஓரங்களில் கறையான் புற்றுக்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு வணங்குவது தமிழரின் பழைய வழக்கம். அதே கறையான் பால்மரத்தையும் செம்பனையையும் அரித்துச் சாய்க்கிறது என்று மருந்து ஊற்றுவதும் தோட்ட வழக்கம். உண்மையில் புற்றெழுப்பும் கறையான் வேறு, உயிர்மரத்தை அரிக்கும் கறையான் வேறு; முன்னது பெரும்பாலும் உதிர்ந்த சருகையும் இறந்த மரத்தையும் உண்டு மண்ணாக்குகிறது. ஒரே சொல்லால் இரண்டையும் அழைத்ததால் குற்றமற்றதும் தண்டனை பெற்று வந்தது. இத்தகைய இடத்தில் இனம்பிரிக்கும் கருவி உயிர்காக்கும் கருவியாகிறது. அதற்கு ஒன்றே நிபந்தனை: புற்றுக்கறையானின் படமும் அதற்குக் கற்பிக்கப்பட்டிருக்க வேண்டும்.

செம்பனை மட்டையிலும் இதுவே நிலை. பைப்புழுவை மட்டும் கற்ற கருவி, அதே மட்டையில் அப்புழுவுக்குள் முட்டையிடக் காத்திருக்கும் சிறு குளவியையும், அதன் சாற்றை உறிஞ்சும் சைக்கானஸ் என்னும் கொலைகாரப் பூச்சியையும் காணாது. அவை பத்துப் புழுவையும் ஒரு வாரத்தில் முடித்துவிடும் நிலையில் இருந்தாலும் எண்ணிக்கை பத்து என்றே வரும், மருந்தும் பாயும். 1960களில் கண்மூடித் தெளித்த நஞ்சு செய்த பிழையை, கண்திறந்து எண்ணும் கருவி வேறு வழியில் மீண்டும் செய்துவிடும். அக்காவலருக்குத் தேன் தரவே தோட்டச் சாலையோரங்களில் துர்னேராவும் கொடிரோஜாவும் நடப்படுகின்றன; பூவை நட்டுவிட்டு, பூவுக்கு வருவதை எண்ணாமல் விடுவது அரைகுறை வேலை.

ஆகவே கருவிகளுக்குப் பாடப்படங்களைத் தொகுக்கும் ஆய்வாளர்கள் பைப்புழுவின் படத்தோடு அதன் பகைவர்களின் படங்களையும், பெயர் தெரியாதவற்றுக்கு 'அறியப்படாதது' என்னும் ஒரு வகையையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். தெமியாங் முதல் பாசோ வரை, மட்டையை வெட்டிப் பையைப் பிளந்து பார்த்தே முடி நரைத்த தொழிலாளர்கள் இன்னும் பலர் இருக்கின்றனர். எந்தப் பையில் உயிர் இருக்கும், எந்தப் பையைக் குளவி துளைத்திருக்கும் என்பதைத் தொட்டுப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் அவர்கள். படங்களுக்குப் பெயர் எழுதும் மேசைக்கு அவர்களையும் அழைத்து, அவர்கள் சொல்லும் தமிழ்ப் பெயர்களையும் பதிந்துகொள்ள வேண்டும். அத்தலைமுறை மறைவதற்குள் அது நடக்க வேண்டும்.